தங்கச்சி வாங்கி வந்த அஞ்சறைப்பெட்டி

12-8-1984, ஞாயிறு

இன்று மத்தியானம் தங்கச்சி லெட்சுமி புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து வந்தாள். கையில் ஓர் அஞ்சறைப்பெட்டி. வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

“அண்ணே, நம்ம அம்மா பெட்டிண்ணே! டவுன்ல பழைய சாமான் கடையில இருந்துச்சு. எலி கடிச்ச மூலைகூட அப்படியே இருக்கு பாரு.”

அம்மாவின் பெட்டி, தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்த அன்றே தொலைந்துபோனது. இது போன மாதம் அந்தக் கடைக்கு நான் செய்து கொடுத்தது. உடைந்த லோரிப் பலகையை அறுத்து, கோப்பித் தண்ணீர் பூசிப் பழசாக்கினேன். அம்மாவின் பெட்டியை நினைத்துக்கொண்டுதான் அந்த மூலையை உளியால் கொத்தினேன். கடைக்காரர் நான் செய்யும் பெட்டிகளை நிஜமான பழசு என்று சொல்லித்தான் விற்கிறார். தெரிந்துதான் கொடுக்கிறேன். லெட்சுமிக்கு இந்த வேலையைப் பற்றி எதுவும் தெரியாது.

“அம்மாவோடதுதானே அண்ணே?”

“ஆமா லா,” என்றேன்.

பெட்டியை அம்மா படத்தின் முன்னால் வைத்து, குங்குமம் இட்டுக் கும்பிட்டாள். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். அதை நினைத்தால்தான் கூசுகிறது.

பஸ் ஏற்றிவிடும்போதாவது சொல்லியிருக்கலாம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி கையாட்டினாள்.

அடுத்த வாரம் கடைக்குக் கொடுக்க, இதே மாதிரி இன்னும் மூன்று செய்து வைத்திருக்கிறேன்.