நோன்பு மாதமும் என் தண்ணீர் பாட்டிலும்

மார்ச் 2, திங்கள்

விடிந்ததுமே புழுக்கம். ஏழரைக்குக் கம்பெனி வண்டி. ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் நாள்.

பையில்: தண்ணீர் பாட்டில், உறிஞ்சிக் குடிக்கிற மூடி வைத்தது. உதட்டுக்கு நெய், சின்ன டப்பாவில். கொப்பளிக்க சோடா உப்பு. வாய்க்குள் அடிக்கும் ஸ்ப்ரே. இட்லி நாலு, காரமில்லாத சாம்பாரில் ஊறியது. என் வீட்டுக்காரர் வாசல் வரை வந்து பாட்டில் மூடியைத் திருகிப் பார்த்தார். எல்.கே.ஜி. பிள்ளையை அனுப்புகிற மாதிரி.

டாக்டர் சொன்னதை எழுதி வைக்கிறேன், மறந்துபோச்சு என்று நானே எனக்குச் சாக்குச் சொல்ல முடியாதபடி. கன்னத்துப் புற்றுக்குக் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்ததில் எச்சில் சுரப்பி போய்விட்டது. பத்து நிமிஷத்துக்கு ஒரு வாய் தண்ணீர். வாய் காய்ந்தால் புண் வரும், பல் போகும். கரண்ட் பட்ட தாடையில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாதாம். இந்த வாரம் வேலை பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை வேலூர் போய்க் காட்ட வேண்டும். வாய் தாங்கியிருந்தால் வேலை. புண் வந்திருந்தால் இன்னும் மூன்று மாதம் வீடு.

வீடு வேண்டாம். ஏழு மாதமாக வந்தவர்கள் எல்லாம் என் வாயைப் பார்த்தே பேசினார்கள். ஒரு சித்தி பேசி முடிக்கும்வரை தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பதினைந்து வருஷம் பாக்குப் பொட்டலத்தைக் கன்னத்தில் அடக்கினது நான். அவளுக்கு என்ன வந்தது?

என் மெஷின் அப்படியே இருக்கிறது. பக்கத்து மெஷினில் ஷமீம், இருபத்திரண்டு வருஷமாக அதே இடம். என் மெஷினுக்கும் அவளே எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறாள். "வேற எவளையும் உக்கார உடல" என்றாள். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

இப்போது ஓடுவது வெள்ளைத் தோல் ஆர்டர். ஷூவின் மேல்பாகம் முழுக்க வெள்ளை. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கறை, பீஸ் ரிஜெக்ட். அதனால் மேஜையில் பாட்டில் கூடாது. சூப்பர்வைசர் முரளி நல்ல பையன், என் பின்னால் இருக்கும் தூணில் ஒரு ஆணி அடித்து பாட்டிலை மாட்டிக் கொடுத்தான். "திரும்புனா தண்ணி, வசந்தாக்கா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சொல்ல மாட்டார்கள். ஆனால் நோன்பு மாதம். எங்கள் லைனில் பதினெட்டுப் பேர், பதினோரு பேர் நோன்பு. அவர்கள் எதிரில் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. கம்பெனி ரூல் இல்லை, யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. பாத்ரூம் பக்கம் போய்க் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவோம். நான் சேர்ந்த வருஷத்திலிருந்தே அப்படித்தான்.

பாத்ரூம் போய் வர நாலு நிமிஷம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் என்றால் தைப்பது எப்போது?

தண்ணீர்: 14 வாய்.

மார்ச் 3, செவ்வாய்

தண்ணீர்: 9.

ஆஸ்பத்திரி நோட்டில் 35 என்று எழுதினேன். நர்ஸ் கொடுத்த நோட்டு அது, வெள்ளிக்கிழமை அவள் பார்ப்பாள். இது என் நோட்டு. இதில் பொய் எழுதி யாருக்கு லாபம்?

நூல் நுனியை நாக்கில் வைத்தேன், பழக்க தோஷம். வைத்தபடியே காய்ந்து வந்தது. மூன்று தரம் ஊசிக் காதில் குத்தி, நாலாவதில் கோத்தேன்.

மதியம் நோன்பு வைத்தவர்கள் ஸ்டோர் ரூம் நிழலில் துப்பட்டாவை விரித்துப் படுத்தார்கள். நான் கேன்டீன் மூலையில் இட்லியைக் கரைத்து விழுங்கினேன். சாம்பார் இரும்பு ருசி. எல்லாமே இரும்பு ருசி. வீட்டுக்காரரிடம் நன்றாக இருந்தது என்று சொன்னேன். இதுவும் ஒரு பொய்.

மளிகை: சோடா உப்பு, பால், பிரெட். கேஸ் புக் பண்ண.

மார்ச் 4, புதன்

ஜாஸ்தி வெயில். ஃபேன் காற்றே அனல்.

தண்ணீர்: 6. காலையில் மூன்று, மதியச் சாப்பாட்டோடு மூன்று.

ஷமீமுக்கு இன்று தலைவலி. உதடு வெளுத்துப் போயிருந்தது. அப்படி இருக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் எப்படிப் பாட்டிலைச் சப்புவது? கண்ணுக்கு முன்னால் குடிக்க வெட்கமாகத்தான் இருக்கிறது. டாக்டருக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். சொல்ல வரவில்லை.

நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. பேச்சைக் குறைத்தேன்.

"இன்னாடி, மூணு நாளா உம்முனு கீற. எம்மேல கோவமா?"

தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, அப்புறம் பேசவில்லை.

ராத்திரிச் சோறு: மோரில் கரைத்தது, அரை டம்ளர். இடது ஓரம் நாக்கு எரிகிறது. கண்ணாடியில் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும்.

மார்ச் 5, வியாழன்

எழுத உட்கார்ந்து அரை மணி ஆகிறது.

காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பீஸ் நிறைய, முரளி பின்னாலேயே நின்றான். மதியமும் சாப்பிடப் போகவில்லை. எரிச்சலில் இறங்காது என்று தெரியும்.

மூன்று மணி இருக்கும். உதடு வெடித்ததை நான் கவனிக்கவில்லை. விரலால் துடைத்து, அதே விரலால் தோலைத் திருப்பியிருக்கிறேன். வெள்ளையில் சிவப்பாக ஒரு பொட்டு. தண்ணீர் சொட்டக் கூடாது என்று பார்த்துப் பார்த்து இருந்தவள் ரத்தத்தைச் சொட்டிவிட்டேன்.

ஷமீம் மெஷினை நிறுத்தினாள். பீஸைப் பார்த்தாள், என் உதட்டைப் பார்த்தாள். எழுந்து போய்த் தூணில் இருந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கழுத்து வரை தண்ணீர்.

"காலைல மாட்டனது அப்டியே கீது. ஏன் குடிக்கல?"

"நீங்கல்லாம் நோம்பு..." அதற்கு மேல் நாக்கு எழும்பவில்லை.

"நாங்க நோம்பு வெச்சா?"

உதட்டை முந்தானையால் அழுத்திக்கொண்டேன்.

"உன் தண்ணியால என் நோம்பு போய்டுமா? சீக்குல கீறவங்களுக்கு நோம்பே இல்லன்னு எங்களுக்கே சொல்லிக் குடுத்திருக்காங்க. உனக்கு யார்டி வெக்கச் சொன்னது?"

லைன் முழுக்க மெஷின் சத்தம் நின்றுவிட்டது. முரளி வந்தான், பீஸைப் பார்த்தான், எடுத்துப்போனான்.

"என் எதிர்லயே குடி. இப்ப."

குடித்தேன். தொண்டை வரை சுட்டது. அழுகை வந்தது. கண்ணில் அத்தனை தண்ணீர் எங்கிருந்து வந்ததோ, வாயில் மட்டும் இல்லை.

அப்புறம் ஐந்தரை வரை, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவள் கை என் முதுகைத் தட்டியது. விடிவதற்கு முன்னால் குடித்ததோடு சரி, அதற்குப் பிறகு ஒரு சொட்டு அவள் தொண்டையில் இறங்கவில்லை. அவள் எனக்குப் பாட்டிலை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அவள் மேல் இருக்கும் பிரியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

தண்ணீர்: 16, மூன்று மணிக்குப் பிறகு மட்டும்.

மார்ச் 6, வெள்ளி

வேலூர். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பாட்டில் மடியில். குடித்துக்கொண்டே போனேன், பக்கத்து ஆள் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

நர்ஸ் நோட்டைப் புரட்டினாள். 35, 35, 34, 36. புதன் கிழமை ஒன்றைக் குறைத்து எழுதியிருக்கிறேன், நம்பும்படி இருக்கட்டும் என்று. டாக்டர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு தடவ குடிச்ச நாக்கு இல்லம்மா இது."

சொல்லிவிட்டேன். நோன்பு, பாத்ரூம், பொய்க் கணக்கு, எல்லாம். நடுவில் இரண்டு தரம் நிறுத்திக் குடிக்க வேண்டியிருந்தது. நர்ஸ் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள்.

டாக்டர் சொன்னது: தண்ணீர் இல்லாமல் வந்த வெடிப்பு என்றால் தண்ணீரில் ஆற வேண்டும். அடுத்த வெள்ளி மறுபடி பார்ப்பார். ஆறவில்லையென்றால் அன்றோடு வேலை நின்றது, அவரிடம் கெஞ்சக் கூடாது. நாக்குக்கு ஜெல், பல்லுக்கு வேறு ஜெல். பல் எல்லாம் இருக்கிறதாம், இப்போதைக்கு.

வீட்டுக்காரர் எதிரில் வந்து "இன்னா சொன்னாரு" என்றார். ஒரு வாரம் என்றேன். அவர் போய் மோர் கரைத்தார். மோரில் உப்பு போட மறந்திருந்தார், எனக்கு எப்படியும் ஒன்றுதான்.

மார்ச் 7, சனி

மேகமூட்டம். கொஞ்சம் தேவலை.

ஜெல் கசப்பு. கசப்பு தெரிகிறது என்பதே புதுசு.

ஷமீமிடம் ஒரு வாரக் கெடு பற்றிச் சொன்னேன். "ஒரு வாரந்தான, பாத்துக்கலாம்" என்றாள். காலை முழுக்க தட்டிக்கொண்டே இருந்தாள். முரளி போன்ல டைமர் வைக்கலாமே என்றான். "அதுக்கு சார்ஜ் போயிடும், எனக்குப் போவாது" என்று அவனை அனுப்பிவிட்டாள்.

நாலு மணிக்கு அவளுக்கே முடியவில்லை. கண் சொருகி, மெஷின் மேல் கையை மடித்துத் தலை சாய்த்துவிட்டாள். பாவம், விடிகாலை மூன்றரைக்கே எழுந்து சமைத்தவள். எழுப்ப மனசில்லை. நானும் பீஸ் அவசரத்தில் மணி பார்க்கவில்லை.

பின் வரிசையில் ஹசீனா. அவளும் நோன்பு. ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்ற சண்டையில் இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. தையலிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"யக்கா. பத்து நிமிசம் ஆயிடுச்சு, தண்ணி."

திரும்பி எடுத்தேன். அவளைப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.