பெயர் வரிசையில் நின்ற மரங்கள்

என் செல்ல ரோசிக்கு,

"அக்கா, நீ திருத்திட்டா அது யாரு நோட்டு?" என்று ஒருநாள் கேட்டாயே, நினைவிருக்கிறதா? உனக்கு அப்போது ஒன்பது வயது. நீ குளிக்கப் போன நேரத்தில் உன் கட்டுரையை எடுத்து, நல்ல நல்ல சொற்களாகப் போட்டு நான் திருத்தி எழுதிவிட்டேன். மறுநாள் வகுப்பில் அதிலிருந்த ஒரு சொல்லுக்கு உனக்குப் பொருள் தெரியவில்லை. பெஞ்சு மேல் நிற்க வைத்தார்கள். எழுதியது அக்கா என்று நீ யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் இதை மட்டும் கேட்டாய். நான் சிரித்துச் சமாளித்தேன்.

அதன் பிறகு ஆசிரியையாகப் பள்ளியில் எத்தனையோ நோட்டுகளைத் திருத்தினேன், ஓய்வும் பெற்றேன். போன திங்கட்கிழமை காலையில்தான் உன் கேள்வி திரும்பி வந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன் மகள் மெர்லின் இப்போது என்னோடு பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில்தான் இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் கடைசிப் பருவம். ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற கிள்ளானில், ஆற்றங்கரையை மீட்கிற வேலையில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். இதில் தேறினால்தான் பட்டம். கரையில் நிற்கிற ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி, அது எங்கே நிற்கிறது, என்ன மரம் என்று குறித்து வரைபடமாக்க வேண்டும். வெளியிலிருந்து வந்து கரையை அடைத்துக்கொண்ட அக்கேசியாவை வெட்டுவார்கள். ஆற்றுக்கே உரிய பெரெம்பாங் மரங்களை விட்டுவைப்பார்கள். வரைபடத்தில் சிவப்புப் புள்ளி என்றால் வெட்டு, பச்சை என்றால் விடு.

உனக்குச் சேறு என்றாலே ஆகாது. இவள் முழங்கால் வரை சேற்றோடு வருவாள். "பெரியம்மா, இன்னிக்கு ஒரு பெரெம்பாங்ல மீன்கொத்தி கூடவே ஒக்காந்திருந்துச்சுலா, நான் நம்பர் கட்டறத பாத்துக்கிட்டே இருந்துச்சு!" என்பாள். நனைந்த தாள்களில் பென்சிலால் எழுதியிருந்த எண்களையும் மரப் பெயர்களையும் கணினியில் ஏற்ற நான்தான் உதவினேன். அவள் கேட்டுத்தான் செய்தேன், அதுவரைக்கும் சரி.

ஏற்றி முடித்ததும் பார்த்தேன். பெயர்கள் ஒழுங்கில்லாமல் கிடந்தன. வருகைப் பதிவேட்டை எப்போதும் பெயர் வரிசையில் வைத்த கை இது, சும்மா இருக்குமா? வரிசைப்படுத்தினேன். கணினி ஏதோ கேட்டது. படிக்காமலே சரி என்று அழுத்தினேன்.

வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன். நாற்பது பிள்ளைகள் பையோடு வரிசையில் நிற்கிறார்கள். பைகளைத் தரையில் அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் பெயர் வரிசைக்கு மாற்றினால் என்னாகும்? ஒவ்வொருவர் காலடியிலும் அடுத்தவர் பை. நான் செய்தது அதுதான். எண்கள் அப்படியே நின்றன, பெயர்கள் மட்டும் நகர்ந்துவிட்டன. உன் மகள் அந்தப் பெயர்களை நம்பிச் சிவப்பும் பச்சையும் போட்டு அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை. மரம் வெட்டுகிற நாள். மெர்லின் முதல் ரயிலுக்கே கிளம்பிவிட்டாள். நான் மேசையைச் சுத்தம் செய்தபோது அவளுடைய பென்சில் தாள்களைக் கோப்பில் அடுக்கினேன். நான்காம் எண்: பெரெம்பாங். திரையில் முதல் இருபது வரிகளும் அக்கேசியாவாக வரிசையாய் நின்றதை நான்தானே ரசித்துப் பார்த்தேன்?

உடனே கூப்பிட்டேன்.

"என்ன பெரியம்மா? ரயில்ல ஒண்ணும் கேக்கல."

"மெர்லின், லிஸ்டுல ஏதோ கோளாறு மாதிரி இருக்குமா. நாலாம் நம்பர் பெரெம்பாங். நெறைய மாறிக் கெடக்கு."

"ஐயோ! நான் தப்பா போட்டுட்டேனா?"

ரோசி, அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். "இல்லம்மா, நான்தான்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இணைப்பு அறுந்துபோனது. திரும்பக் கூப்பிட்டால் அவள் வேறு அழைப்பில் இருந்தாள்.

பென்சில் தாள்கள் இருந்த கோப்போடு வாடகைக் காரில் ஏறினேன். பெட்டாலிங் ஜெயாவிலேயே நெரிசல். "ஆன்டி, ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார் ஓட்டுநர். "மரத்துக்கு" என்றேன். கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ரம்பச் சத்தம் இல்லை. கடலோதத்தால் ஆற்றுத் தண்ணீர் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஆட்கள் விடிந்ததுமே தொடங்கியிருக்கிறார்கள். மெர்லின் ரயிலிலிருந்தே மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, "பட்டியல் தப்பு, என்னோட தப்பு, நிறுத்துங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதற்குள் வெட்டக்கூடாத ஒரு மரம் விழுந்துவிட்டது. நான்காம் எண். வெட்டிய இடம் ஈரமாக இருந்தது. மெர்லின் அதன் பக்கத்தில் நின்றாள். மேற்பார்வையாளர் சிவா அவளிடம் ஏதோ எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவ செய்யலப்பா. நான்தான் பேரையெல்லாம் வரிசையா மாத்தினேன். அவளுக்குத் தெரியாது" என்றேன். கோப்பை அவர் கையில் கொடுத்தேன். பென்சில் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

ரம்பம் வைத்திருந்தவர் சிரித்துவிட்டார். "டீச்சரா? மரத்துக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுத்துட்டீங்களா ஆன்டி?"

யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. மெர்லின் என்னையே பார்த்தாள்.

"மாத்தினது பரவால்ல பெரியம்மா. போன்ல ஏன் சொல்லல? நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டே கிள்ளான் வரைக்கும் வந்தேன்."

அன்று பெஞ்சு மேல் நின்றுவிட்டு வந்து என்னைக் கேட்ட உன் முகம்தான் அவள் முகத்தில் இருந்தது. நீயும் அவளும் நான் திருத்தியதற்குப் பழி ஏற்று நின்றவர்கள். நீ என்னை மன்னித்தாயா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லையே, ஏன்?

சிவா அவளுக்கு ஒரு வாரம் கொடுத்திருக்கிறார். எல்லா மரங்களையும் மறுபடி நடந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அனுப்புவதற்கு முன் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்காதது அவள் குறைதான் என்றும் சொல்லிவிட்டார். தேறுவாளா என்று இன்னும் தெரியவில்லை. வீட்டில் இரண்டு நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நேற்று மாலை, சிவா திருப்பிக் கொடுத்த கோப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நீங்க படிங்க. நான் டைப் பண்றேன். கீபோர்ட தொடாதீங்க."

படித்தேன். நான்காம் எண் வந்ததும் நிறுத்தினேன். அவள் அந்த வரியை அழிக்கவில்லை. பெரெம்பாங் என்று எழுதி, பக்கத்தில் "வெட்டப்பட்டது" என்று சேர்த்தாள். வரைபடத்தில் அந்தப் புள்ளி இப்போது கறுப்பு.

ரோசி, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். உன் மகள் எழுதியதை அவள் கேட்காமல் இனித் தொடமாட்டேன். அதையும் மீறிக் கை போய்விட்டால், அவள் "நானா?" என்று கேட்பதற்கு முன்னால் "நான்" என்று சொல்லிவிடுவேன்.

இந்தக் கடிதத்தை எல்லாரும் படிக்கும்படி வெளியிடுகிறேன், அதனால் இதைப் படித்துக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. உதவி என்று நினைத்து நீங்கள் யாருடைய வேலையையாவது சொல்லாமல் மாற்றியிருந்தால், இன்றே அவரைக் கூப்பிட்டு, "அதை நான்தான் மாற்றினேன்" என்று சொல்லுங்கள்.

உன் நோட்டை உன்னிடமே திருப்பித் தருகிற,
அக்கா