இரண்டாம் பாகத்தில் நின்றவள்

கீழ்பென்னாத்தூர்
ஞாயிறு காலை

அன்பு மகள் எழிலுக்கு,

அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன், இருபத்திரண்டு நாளாக உன் குரலைக் கேட்கவில்லை, போனில் அனுப்பும் செய்தியை நீ பார்த்த அடையாளம் மட்டும் வருகிறது. இங்கே மழை கம்மி, அப்பாவுக்கு முழங்கால் வலி ஜாஸ்தி, மல்லாட்டை விளைச்சல் மட்டும் பரவாயில்லை, கடலை நல்ல திரட்சி.

பாப்பா, நீ ஏன் போனை எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது டிவி காமெடியில் ஒருவன் புடவை கட்டிக்கொண்டு, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்தபடி வாயே திறக்காமல் நின்றான், பக்கத்தில் இருந்தவன் "யக்கா, நீ இன்னா ரெண்டாம் பாகத்து எறும்புத்தின்னியா? தியேட்டர்ல ஒருத்தரும் இல்ல, யாருக்காவ நிக்கிற?" என்றான். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நீ வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அவர்கள் கேலி செய்தது நீ மூன்று வருஷம் உட்கார்ந்து வரைந்த கார்ட்டூன் படத்தின் இரண்டாம் பாகத்தை என்று எனக்குத் தெரியாது எழில். தெரியாததற்குக் காரணம் நான் உன்னிடம் பொய் சொன்னதுதான். படம் பார்த்தோம், நன்றாக இருந்தது என்று சொன்னேன் அல்லவா, பார்க்கவே இல்லை. மல்லாட்டை பிடுங்க அந்த வாரம்தான் ஆள் கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலைக்குப் போனால் தியேட்டரில் வேறு படம் மாற்றியிருந்தார்கள். உன் மனசு நோகக்கூடாது என்று சொன்ன பொய் இப்படி வந்து நின்றது.

எதிர்வீட்டு ஆர்த்திதான் "அத்தை, அது எழில் அக்கா படம், எல்லாரும் அந்த சீனைத்தான் வெட்டி வெட்டிப் போட்டு ஓட்டறாங்க" என்று சொன்னாள். அவளுடைய போனிலேயே முழுப் படத்தையும் நானும் அப்பாவும் பார்த்தோம். குட்டி ஊரைவிட்டுப் போகிறபோது அந்தத் தாய் எறும்புத்தின்னி வழியில் நிற்கிறதே, காலைத் தேய்த்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், அங்கே அப்பா மெதுவாக "இது நீதான் வேதா" என்றார். நீ கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் நான் அப்படித்தான் நின்றேனாம். கல் மனசுக்காரி என்று நீ நினைத்திருப்பாய் என்றே இத்தனை நாள் இருந்தேன். வாயைத் திறந்தால் போகாதே என்று சொல்லிவிடுவேன், அந்தப் பயம்தான். அது உனக்குத் தெரிந்திருக்கிறது, படத்தில் எவ்வளவு நேரம் நிற்கவிட்டிருக்கிறாய் என்னை. முந்தாநாள் டீக்கடையில் யாரோ பேசாமல் நின்றவனை "இன்னாடா, ரெண்டாம் பாகமா?" என்று கேலி செய்ய, நாலு பேர் முன்னால் வாய் திறக்காத உன் அப்பா டம்ளரை வைத்துவிட்டு, "அத வரைஞ்சது எம் பொண்ணு. அதுல நிக்கிறது எம் பொண்டாட்டி" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

படம் ஓடாததால் உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ஆகியிருந்தாலும் சொல். மறைத்துக்கொண்டு தனியாக அழாதே. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம், உன் கை நோகாமல் இருக்கட்டும். தினமும் காலை ஏழு மணிக்கு உனக்குப் போன் போடுவேன். எடுத்தால் போதும், நீ ஒன்றும் பேச வேண்டாம்.

உன் அம்மா,
வேதா