அசையாத அப்பா

ஜூன் 6, 2025, வெள்ளி

மஸ்கட்டில் என் வீட்டுக்காரர் தென்னரசுக்கு இன்று விடுமுறை. வாரத்தில் இந்த ஒரு நாள்தான் எங்களுக்கு. வீடியோ காலில் சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்குள் படம் நின்றுவிட்டது. வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடி. காதில் "ஜெசி... ஜெ..." என்று வெட்டுப்பட்ட குரல். பாப்பா திரையைத் தட்டி "ப்பா" என்றாள். அந்த முகத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கே அனுப்பினேன்: உங்கள் மகளுக்குத் தெரிந்த அப்பா இதுதான்.

அவர் போனபோது பாப்பா அஸ்வினி நாற்பது நாள் குழந்தை. இப்போது நடக்கிறாள்.

போனைப் பாப்பா தண்ணீர் அண்டாவில் போட்டதிலிருந்து கேமரா இல்லை, பாதித் திரை கறுப்பு. வீடியோவில் பேச இருப்பது அவர் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப்தான்.

ஜூன் 9, திங்கள்

அதே வைஃபையில் போனில் வேகம் வருகிறது. அப்படியென்றால் கோளாறு லேப்டாப்பில் வைஃபையை இயக்கும் மென்பொருளில், அந்த வயர்லெஸ் டிரைவரில்தான். இணையத்தில் ஒருவர் பவர் சேவிங்கை நிறுத்து என்கிறார். நிறுத்தினேன். இன்னொருவர் டிரைவரை நீக்கித் திரும்பப் போடு என்கிறார். இருப்பதும் மொத்தமாகப் போய்விட்டால்? போட்டேன். சோதித்தால் வேகம் பிரமாதம்!

ஜூன் 13, வெள்ளி

மறுபடி நின்றது. அடுத்த மாதம் வருவதாக இருந்தவர், "லீவு இல்லன்னுட்டாங்க ஜெசி, இன்னும் ஒரு வருஷம்..." என்றார். அதோடு உறைந்துபோனார்.

அத்தை அடுப்படியிலிருந்து, "கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணுன்னு தேடிப் புடிச்சிக் கட்டி வச்சேன். எம்புள்ள மொகத்த ஒழுங்கா காட்டத் தெரியல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

இங்கே திண்டிவனத்தில் லினக்ஸ் என்றாலே கையை விரிக்கிறார்கள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் போனேன். சர்வீஸ் கடை கோபி வீடியோ ஓட்டிப் பார்த்தான். "சூப்பரா ஓடுதுக்கா. இன்னா, வூட்டுக்காரர்கிட்ட பேசறப்ப மட்டும் நிக்குதா? அப்போ சண்ட போடாம பேசுங்க."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பஸ்ஸில் விக்கிரவாண்டி டோல் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுக்கினே வந்தேன்.

பேசும்போது மட்டும். அப்போது மட்டும் நான் என்ன செய்கிறேன்?

ஜூன் 18, புதன்

ப்ளூடூத்!

இந்த வீட்டில் கூடமும் அடுப்படியும் ஒன்று. அவர் "ஜெசி" என்பது எனக்கு மட்டும் கேட்கட்டுமே என்றுதான் காதில் ப்ளூடூத் இயர்போன் மாட்டுகிறேன். வயர் என்றால் பாப்பா பிடுங்கிவிடுவாள். மாட்டினேன், வேகம் விழுந்தது. கழற்றினேன், ஏறியது. வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் ஒரே ஆன்டெனாவாம். ப்ளூடூத் பேசினால் டிரைவர் வைஃபையை நிறுத்திவைக்கிறது. செட்டிங்கை மாற்றியும் சரியாகவில்லை.

எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தக் குரல் ஒன்றுதான். அதுவா குறுக்கே நின்றது?

ஜூன் 20, வெள்ளி

காதில் ஒன்றும் மாட்டவில்லை. அத்தை பக்கத்திலேயே. அவர் குரல் வீடெல்லாம் கேட்டது. படம் நிற்கவே இல்லை. சிரித்தார், கையை ஆட்டினார், "அச்சுக்குட்டி, அப்பா பாரு!" என்றார்.

பாப்பா வீரிட்டு அழுதாள். ஓடிப்போய் அத்தையின் புடவைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள். அவளுடைய அப்பா பேசமாட்டார், அசையமாட்டார்.

"புதுசில்ல, பழகிக்குவா. நீ பேசிக்கினே இருடா" என்றார் அத்தை.

திரையில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாயைப் பாதி திறந்து, ஒரு கண்ணை மூடி, அப்படியே உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாப்பா எட்டிப் பார்த்தாள். தத்தித் தத்தி வந்து திரையில் அவர் கன்னத்தைத் தொட்டாள். "ப்பா."

அவர் அசையவில்லை. நெட் போய்விட்டதோ என்று ஒரு கணம் பயந்தேன். இல்லை. அவருக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.