ரேடியோவுக்குப் போட்ட உறை

தூத்துக்குடி
12-5-1948

அன்புள்ள மகள் ஜீவமணிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், பட்டணத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, சாத்தான்குளத்துச் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை ரேடியோவில் நீ பேசியது எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறாய். முழுவதும் கேட்டோம் என்றே எழுதச் சொல்கிறாள் அம்மா. எனக்குக் கை வரவில்லை. நாங்கள் கேட்கவில்லை மகளே.

உப்புக்காற்று தையல் மெஷினைத் தின்றதுபோல ரேடியோவையும் தின்றுவிடும் என்று பயந்து, அம்மா நாசரேத்துப் பள்ளியில் கற்ற லேஸ் வேலையெல்லாம் காட்டி அதற்கு ஓர் உறை பின்னியிருந்தாள். பின்பக்கம் இடுக்கில்லாமல் கம்பளித் துணி. நானும் மெச்சிக்கொண்டேன். தினமும் செய்தி மட்டும் கேட்டு நிறுத்துவதால் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு உன் பேச்சு தவறிவிடக் கூடாதென்று மத்தியானமே ரேடியோவை உறையோடு போட்டுவிட்டாள், அது சும்மா இரைந்துகொண்டே கிடந்தது. சாயங்காலம் உன் பெயரைச் சொன்னார்கள், நீ வணக்கம் சொன்னாய், கருகல் வாடை வந்தது, அவ்வளவுதான். ரிப்பேர் பார்க்கும் பாஸ்கல் மறுநாள் வந்து, பின்னால் வரிசையாக நிற்கும் தகடுகளைக் காட்டினான். உள்ளே ஏறும் சூட்டை அவை வாங்கிக் காற்றிடம் விட வேண்டுமாம், காற்றே படாவிட்டால் எவ்வளவுதான் தாங்கும். "சூட்டுக்குப் போக்கிடம் இல்லாம அடைச்சுட்டியளே ஐயா" என்றான். கப்பல் என்ஜின் சூட்டைக் கடல்தண்ணீர் வாங்கிப் போவதைத் துறைமுகத்தில் தினமும் பார்க்கிறவன் நான், வீட்டில் அந்தப் புத்தி எங்கே போயிற்றோ. நினைக்க நினைக்க ஆறவில்லை.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வரும்போது ஜவுளிக்கடை முத்துக்கனி அண்ணாச்சி அம்மாவை நிறுத்தி, உன் பேச்சை அவர் கடை ரேடியோவில் தெருவே கேட்டது என்றார். தரையைவிடக் கடல் எப்படி வெயிலை அதிகமாக வாங்கி வைத்துக்கொள்கிறது என்று விளக்கினாயாமே. சின்ன வயதில் வெக்கையில் தூங்காமல் அழுதால் அம்மா உன்னைக் கடற்கரைக்குத் தூக்கிப் போய், பகல் சூட்டையெல்லாம் கடல் வாங்கிக்கொண்டது, இனி நீ தூங்கு என்பாளாம், இந்தப் பாடத்தை முதலில் சொன்னவள் அவள்தான் என்று முடித்தாயாம். "கடைசில ஒங்களத்தான சொல்லுதா, கேட்டியளா?" என்றார் அண்ணாச்சி. கேட்டேன் அண்ணாச்சி என்று சிரித்துவிட்டு வந்தவள், வீட்டுக்குள் வந்ததும் அந்த உறையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் பாடம் எடுக்க வெயிலில் நடந்து போகாதே, டிராமில் போ. கடலையும் கரையையும் உண்டாக்கினவர் உன்னைக் காப்பாராக. ஒன்று மறந்துவிடாதே. அம்மா பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. ரேடியோவில் கடைசியில் சொன்னதை அப்படியே அதில் எழுது. அவள் கேட்கவில்லை என்று உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் அன்புள்ள அப்பா,
அருமைநாயகம்