சொல் தேடிய அமைச்சனும் இளவரசியின் வலக்கையும்

தாழைநாட்டில் மழை பொய்யாதிருக்க. துறையில் கலம் குறையாதிருக்க. கடலரண் காத்த மாறவேள் மாமன்னர் திருவடிகளுக்கு, சங்கன்துறைக் கோட்டையிலிருந்து, 'வேற்றுமொழிக் கடல் கடந்த பெருந்தகை' என்று தாங்கள் பட்டமும் தந்தக்கோலும் அருளிய அமைச்சன் ஆதன் பணிந்து எழுதும் ஓலை. அக்கடலில் அடியேன் கணுக்கால்தான் நனைத்தவன் என்பது இப்போது கோட்டை முழுவதும் தெரிந்துவிட்டது.

முதற்கண், இளவரசி பூங்குழையார் நலம். குதிரையிலிருந்து விழுந்து அவர் வலக்கை எலும்பு விலகியது. நம் மருத்துவர் ஊரில் இல்லாமையால், துறையில் நின்ற ஆங்கிலக் கப்பலின் மருத்துவரை அழைத்தோம். அவர் பார்த்துவிட்டு, கையை 'செட்' செய்ய வேண்டும் என்றார். அரச குடும்பத்தாரை வேற்றுநாட்டார் தொடுமுன், செய்யப்போவதை நம் மொழியில் ஒரே சொல்லால் அமைச்சன் எழுதித் தரவேண்டும் என்பது அரண்மனை வழக்கமன்றோ? அடியேன் எழுத்தாணியை எடுத்தேன். அங்கே பிடித்தது சனி.

மாலுமிகளை விசாரித்தேன். கதிரவன் மறைவதும் செட்டாம். பால் தயிராய் உறைவதும் செட்டாம். மோதிரத்தில் கல் பதிப்பதும், எலிக்குப் பொறி வைப்பதும், ஒன்றுபோல் அடுக்கிய கிண்ணங்களும் அதுவேயாம். உட்காரவைப்பது என்னும் பழம்பொருளில் ஒரு செட் பிறந்ததென்றும், கூட்டத்தைக் குறிப்பதோ பின்தொடர்வோர் என்ற பொருளில் வேறொரு நாட்டில் பிறந்து வந்து இதனோடு ஒட்டிக்கொண்டதென்றும் கப்பல் தலைவர் உரைத்தார். அடியேனுக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கு இளநீர் வரவழைத்து மேலும் கேட்டேன். உள்ளே இளவரசியாரின் கை வீங்கிக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்தால் அந்தக் கை வாள் பிடிக்காது என்று மருத்துவர் சைகையால் காட்டியபோதும், உறைவதா பதிப்பதா என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

இளவரசியார் பொறுமையிழந்தார். சொல் அமைச்சருடையது, கை தம்முடையது என்றும், வழக்கம் மீறிய பழி தம்மையே சேரட்டும் என்றும் அருளிக் கையை நீட்டிவிட்டார். எலும்பு இடத்தில் அமர்ந்த ஒலி கேட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார், அலறியவன் அடியேன். அந்தக் கை பிழைத்ததே என்று பிறகு அழுததும் உண்மை.

கையோடு வைத்துக் கட்டுவதற்கு நேரான கோல் ஒன்று வேண்டும் என்றார் மருத்துவர். இளவரசியார் அடியேனின் தந்தக்கோலைக் கேட்டு வாங்கினார். புலமைக்கென்று அருளிய அக்கோல் இன்றுதான் முதன்முறையாக ஒருவருக்குப் பயன்படுகிறது.

ஆதலால் இளவரசியார் ஆணை: நோயுற்றவரைத் தொடவரும் மருத்துவரை இனி எந்தச் சொல்லுக்காகவும் நிறுத்தலாகாது. அந்த ஒரு சொல்லுக்கான ஓலை இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அதையும் இத்துடன் அனுப்புகிறேன்.

வலக்கை கட்டுண்டிருப்பதால் இளவரசியார் இடக்கையால் இட்ட முத்திரை இது. சாய்ந்திருக்கிறது. திருத்த அடியேன் துணியவில்லை.