இடது பக்கத்துப் பெட்டி

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தோம். மூலையில் கிடந்த தகரப் பெட்டியை மகள் திறந்ததும் வீடு முழுக்கக் காடி நெடி அடித்தது. "என்னம்மா இது, கெட்டுப்போன ஊறுகா மாதிரி நாறுது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே உங்கள் ஒலிநாடாச் சுருள்கள். பழைய நாடா கெட்டுப்போனால் இப்படித்தான் புளித்த வாடை அடிக்குமாம், மருமகன் சொன்னார். விரலால் தொட்டாலே அப்பளம் போல் நொறுங்கியது. "தூக்கிப் போட்டுரட்டுமா?" என்று கேட்டாள். "போட்டுரு" என்றேன். அவள் இன்னொரு முறை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. கேட்கவில்லை. குப்பை வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வாடை மட்டும் இரண்டு நாள் போகவில்லை. அந்த இரண்டு நாளும் மனதுக்குள் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் போய் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்போது பேச முடியாததை இப்போதாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த ஒலிப்பதிவு மெஷின் நம் வீட்டுக்கு வந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சைகோனில் வேலை பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பிய பெரியவர் ஒருவர், மகனோடு பிரான்ஸுக்குப் போய்விட முடிவு செய்தார். கடலூர் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த நீங்கள் அவருடைய சாமான்களைக் கப்பலில் ஏற்றக் காகிதமெல்லாம் எழுதிக் கொடுத்தீர்கள். அந்த நன்றிக்கு அவர் கொடுத்துவிட்டுப் போனது அது. இரண்டு மைக், இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டி. ஸ்டீரியோ என்ற சொல்லை நான் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். மஞ்சக்குப்பத்து வாடகை வீட்டின் கூடத்தில், இடது சுவரோரம் ஒரு பெட்டி, வலது சுவரோரம் ஒரு பெட்டி, நடுவில் உங்கள் நாற்காலி.

என்னை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிக்கொண்டே இடமிருந்து வலமாக நடக்கச் சொன்னீர்கள். பிறகு போட்டுக் காட்டினீர்கள். என் குரல் இடது பெட்டியில் கிளம்பி, காலியான கூடத்தின் குறுக்கே நடந்து, வலது பெட்டியில் போய் நின்றது. நான் பயந்து கத்தினேன். நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். நம் வீட்டில் அந்த மெஷினால் வந்த சந்தோஷம் அந்த ஒரு சாயங்காலம்தான்.

ஆறேழு மாதம் கழித்து ஆரம்பித்தது. "இடது பொட்டியில சத்தம் கம்மியா வருது" என்றீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் பின்பக்கத்தைக் கழற்றி, நாடா உரசிப் போகும் இடத்தை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தீர்கள். சரியாகவில்லை. இடது பெட்டியின் ஒயரை வலதிலும் வலது ஒயரை இடதிலும் மாற்றிச் சொருகினீர்கள். அப்போதும் இடது பக்கம்தான் கம்மி. அப்படியானால் பெட்டிதான் கோளாறு என்று பெட்டிகளையே இடம் மாற்றி வைத்தீர்கள். அப்போதும் இடது பக்கம். உங்களுக்கு வியர்த்துக் கொட்டியது. நான் முறத்தோடு நின்றுகொண்டு சொன்னேன்: "மச்சான், எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் கேக்குது."

"எட்டாங்கிளாஸோட நின்னவ நீ. ஒனக்கு இதெல்லாம் வெளங்காது. போயி வேலையப் பாரு."

மாமன் பெண், அத்தை மகன் என்று ஒன்றாக வளர்ந்தவர்கள் நாம். மீன்பிடிக்கிற நம் தேவனாம்பட்டினத்திலிருந்து முதன்முதலாக ஆபீஸ் வேலைக்குப் போனவர் நீங்கள். ஊரே உங்களைப் பெருமையாகப் பார்த்தது. நானும்தான். அதனால் அந்தப் பேச்சை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது ஜன்னல். கடல்காற்று அந்தப் பக்கத்துச் சத்தத்தைத் தின்கிறது என்று இடது ஜன்னலை அடைத்துக் கம்பளி தொங்கவிட்டீர்கள். அதுவும் பலிக்காமல் போனதும் பழி என் மேல் விழுந்தது. நான் தூசி தட்டும்போது எதையோ அசைத்துவிட்டேனாம். "கை வெக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று சின்னக் குழந்தையாக இருந்த நம் மகள் எதிரில் கத்தினீர்கள். நான் அதைத் தொட்டதேயில்லை. "பொட்டியில ஒண்ணுமில்ல மச்சான், ரெண்டும் ஒரே மாதிரி பேசுது" என்று இரண்டாம் முறை சொன்னேன். நீங்கள் இடது பக்கத்துச் சத்தத்தைத் திருகித் திருகி ஏற்றி வைத்தீர்கள். உங்களுக்கு அது சமமாக இருந்திருக்கும். எனக்கு அந்தப் பக்கத்துச் சுவரே அதிர்ந்தது. அடுத்த வீட்டம்மா வந்து, "ஏம்மா, இவ்ளோ ஜாஸ்தியா வெக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனதும் மனமில்லாமல் பழையபடி இறக்கி வைத்தீர்கள்.

இதெல்லாம் போகட்டும். என் அப்பாவுக்கு நீங்கள் செய்ததுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

கரைவலை இழுக்கும்போது கயிற்றின் ஒரு முனையில் நிற்பவர்கள் பாட்டெடுக்க, மறு முனையில் நிற்பவர்கள் பதில் பாடுவார்கள். அந்த அம்பாப் பாட்டை இரண்டு மைக்கில் பிடித்தால் கேட்பவர் கடற்கரையிலேயே நிற்பதுபோல் இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றியது. நல்ல யோசனைதான், இல்லை என்று சொல்லவில்லை. அண்ணாமலை நகரில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த உங்கள் சிநேகிதர் ராஜமாணிக்கம் சாருக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். என் அப்பா இடது பக்கம் நின்று பாட்டெடுத்தார். அவர் உங்களுக்குத் தாய்மாமன். கரையில் அவர் எடுத்தால்தான் வலையே நகரும் என்பார்கள்.

பாடி முடித்ததும் போட்டுக் கேட்டீர்கள். முகம் சுருங்கியது. "மாமா, இன்னும் கொஞ்சம் தொண்டையத் தொறந்து பாடுங்க." அப்பா மறுபடி பாடினார். மறுபடி. நான்காவது முறை அவர் கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நின்றது. நீங்கள் மெஷினை நிறுத்தினீர்கள்.

"வயசாச்சின்னா ஒத்துக்கணும் மாமா. இந்தப் பக்கம் எதுவுமே வுழுவல. வேற ஆள வெச்சி எடுத்துக்கறேன் நான்."

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "சரி மாப்ள" என்றார். அவ்வளவுதான். நான் காபியோடு வந்தபோது அவர் தெருமுனை தாண்டிவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அன்றைக்கு மூன்றாம் முறை சொன்னேன். "எங்கப்பா கொரலு தெருவுக்கே கேட்டுச்சி. அந்தப் பொட்டியிலயும் கேக்குது. ஒங்களுக்குத்தான் கேக்கல."

வாக்கியத்தைக் கவனித்தீர்களா? எல்லாம் அதிலேயே இருந்தது. என்ன சொன்னோம் என்று எனக்கே தெரியாது. கோபத்தில் வந்தது. நீங்களும் கோபத்தில், "அப்பனுக்கு வக்காலத்தா?" என்று கேட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் இருந்தவரை அப்பா நம் வீட்டுப் படி ஏறவில்லை.

பல மாதம் கழித்து ராஜமாணிக்கம் சார் சிதம்பரத்திலிருந்து ரயிலேறி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நாடாவை முழுக்கக் கேட்டார். "ரெண்டு பக்கமும் சமமாத்தானே இருக்கு?" என்றார். நீங்கள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "அப்பிடியா சார்?" என்றீர்கள். நான் எட்டு மாதமாகச் சொன்னது. அவர் ஒரு முறை சொன்னதும் நம்பினீர்கள்.

அவருக்கு ஏதோ சந்தேகம் தட்டியது. பிறகு உங்களை எழுப்பி, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னார். அதே நாடா ஓடியது. "இப்ப எந்தப் பொட்டி கம்மி?" நீங்கள் கையை நீட்டினீர்கள். அதுவரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்த வலது பெட்டி. திரும்பி உட்கார்ந்ததும் அதுதான் உங்கள் இடது பக்கம்.

நீட்டிய கை அப்படியே நின்றது. "பெட்டியில ஒண்ணுமில்லீங்க. காதத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்" என்று சார் மெதுவாகச் சொன்னார். நான் கதவோரம் நின்று, "நான் அப்பவே சொன்னேன் சார்" என்றேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னீர்கள்: "நீ செத்த சும்மா இரு."

அப்போதும் டாக்டரிடம் போகவில்லை. அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணெய் காய்ச்சி விட்டுக்கொண்டீர்கள். ஆபீசில் தெரிந்தால் செவிடன் என்பார்கள் என்று பயந்தீர்கள். தெருவில் நடக்கும்போது என்னை வலது பக்கம் வரச் சொன்னீர்கள். டெலிபோனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டீர்கள். "எங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க மச்சான். தப்பு அவுரு கொரல்ல இல்லன்னு மட்டும் சொன்னா போதும்" என்று கெஞ்சினேன். "போயி இன்னான்னு சொல்றது? நான் செவுடன்னா?" என்றீர்கள். உங்களுக்கு ஒரு காதைவிட செவிடன் என்ற அந்த ஒரு வார்த்தை பெரிதாக இருந்தது.

பிறகு தலைவலி வந்தது. சமதரையில் நடக்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்தீர்கள். குடித்திருக்கிறார் என்று பேசினார்கள். நீங்கள் குடித்ததே இல்லை. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் காது நரம்பில் கட்டி என்றார்கள், மூளைப் பக்கம் வரை போயிருக்கிறது என்றார்கள். "எப்பத்திலேருந்து கேக்கல?" என்று டாக்டர் கேட்டார். நான்தான் சொன்னேன், "ஒன்றரை வருசமாச்சுங்க." "கொஞ்சம் முன்னாடியே..." என்று ஆரம்பித்தவர் நம் குழந்தையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆபரேஷனுக்கு உள்ளே போன நீங்கள் கண் திறக்கவில்லை.

காரியம் முடிந்து வீட்டில் நானும் அப்பாவும் தனியாக இருந்தபோது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒயரை மாற்றியது, பெட்டியை மாற்றியது, நாற்காலியைத் திருப்பிப் போட்டது எல்லாம். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ, நான் நல்லாத்தான் பாடுனனாம்மா?"

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் கரையில் பாட்டெடுக்கவே இல்லையாம். குரல் போய்விட்டது என்று நம்பிக் கயிற்றின் கடைசி ஆளாக நின்றிருக்கிறார். மருமகன் படித்தவர், மெஷினே காட்டிக்கொடுத்துவிட்டது, தப்பாகவா இருக்கும் என்று நினைத்திருக்கிறார். இதற்காக உங்களை நான் மன்னிக்கவில்லை. இனி மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை.

நான் அதன் பிறகு எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, பயிற்சி முடித்து, சிதம்பரத்தில் முப்பது வருடம் டீச்சராக வேலை பார்த்தேன். மகளைப் படிக்கவைத்தேன். என் சொல்லை நம்பாத மனிதர் என்று உங்களைப் பற்றி எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அப்பா மனம் நொந்து எழுந்து போன மறுவாரம், சாப்பிட்டு எழுந்ததும், நீங்கள் என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டு உங்கள் நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். நாடாவைப் போட்டீர்கள். குரலில் அதட்டல் இல்லை. "நீ சொல்லு, ஒனக்கு எப்பிடிக் கேக்குது?" என்று கேட்டீர்கள். முகத்தில் ஏதோ சந்தேகம் இருந்தது. இப்போது நினைத்தால் பயம் என்றுகூடத் தோன்றுகிறது. எனக்கு இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்டது. ஆனால் அப்பா துண்டால் முகம் துடைத்தது கண்ணிலேயே நின்றது. சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போயிருந்தது. எப்படியோ போங்கள் என்றிருந்தது.

"ஆமா மச்சான், எடது பக்கம் கம்மியாத்தான் இருக்கு" என்றேன்.

உங்களுக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. மெஷினுக்குள் இருக்கும் வால்வுதான் கோளாறு என்று அன்றைக்கே மெட்ராஸுக்குப் புது வால்வு கேட்டு எழுதிப்போட்டீர்கள். அது வந்து சேரும்வரை மூன்று மாதம் நிம்மதியாகக் காத்திருந்தீர்கள்.

நான் சொன்ன எத்தனையோ வார்த்தைகளில் நீங்கள் நம்பியது அந்த ஒரு பொய்யைத்தான். அதை வைத்துக்கொண்டுதான் நான் இன்னும் இருக்கிறேன்.